மேட்டுக்குப் போகிற வழி

மூன்றாவது தடவையும் சுண்ணாம்பு நிற்கவில்லை.

பிலோமினா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். சனிக்கிழமை அவளும் காமாட்சியும் சேர்ந்து அடித்த வெள்ளை அது. கிளிஞ்சல் சுண்ணாம்பை இரண்டு நாள் ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, பிடிப்புக்குக் கஞ்சித்தண்ணீர் கலந்து, மேலிருந்து கீழாக ஒரு கை, குறுக்காக ஒரு கை அடித்தார்கள். ஞாயிறு முழுக்கச் சுவர் கண்ணைப் பறித்தது. திங்கட்கிழமை மத்தியானத்து மழை விட்டதும் அதே இடத்தில், அதே உயரத்தில், தேயிலைச் சாயம் போலப் பழுப்பாக அந்தக் கறை எழுந்து வந்துவிட்டது.

முந்தைய டிசம்பரில் கிள்ளான் ஆறு பிரிக்ஃபீல்ட்ஸுக்குள் வந்தபோது எல்லா வீட்டுச் சுவரிலும் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் போனது. ரயில்வே லயத்து வரிசை வீடுகளிலும் செங்கல் சூளைக் குடிசைகளிலும் ஒரு தடவை வெள்ளையடித்ததும் கோடு அடங்கிவிட்டது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் மட்டும் அடங்கவில்லை. பலகைச் சுவர்கள் மூன்றும் வெள்ளத்தோடு போய், செங்கல்லால் கட்டிய பின்சுவரும் நாலு தூணும் தகரக் கூரையும்தான் அங்கே மிச்சம். அந்தச் சுவரில் கோடு நேராகவும் ஓடவில்லை. நான்கு இடத்தில் மேலே எழும்பி வளைந்து இறங்கியது. தலையும் கழுத்தும் போல. ஒன்று உயரம். அடுத்த இரண்டும் ஒரே அளவு. கடைசியில் இருந்தது ரொம்பச் சின்னது.

பள்ளிக்கூடத்தில் வெள்ளம் கொண்டுபோன பிள்ளைகளும் நான்கு பேர். பிலோமினாவின் மூத்தவன் மாரிஸ், ஒன்பது வயது. சூளையில் வேலை பார்த்த இராமலிங்கத்தின் இரட்டைப் பிள்ளைகள். காமாட்சியின் ஒரே மகள் தங்கமணி, ஐந்து முடியவில்லை.

"விட்டுரு பிலோமி," என்றாள் காமாட்சி. புருஷன் இல்லாதவள்; ஆடு வளர்த்துப் பால் ஊற்றிப் பிழைப்பவள். "போவ மாட்டேங்குதுங்க. நாம துரத்துனா போயிருமா?"

"யாரை அக்கா துரத்துறோம்? கறையைத்தானே அழிக்கிறோம்."

"என் ஆடுங்க இந்தப் பக்கம் வராதுங்க. கயித்தைப் பிடிச்சு இழுத்தாலும் காலை ஊணிக்கிட்டு நிக்கும். அதுங்களுக்கு என்னா தெரியும், கறையா?"

பிலோமினா சுவரில் உள்ளங்கையை வைத்தாள். மழை விட்டபின் அடித்த சாய்வெயில் சுவர்மேல் விழுந்துகொண்டிருந்தது. அப்படியும் அந்த இடம் சில்லென்று, ஈரத்துணியைத் தொட்டதுபோல இருந்தது.

*

மறுநாள் காலை அவள் துணி துவைக்க வெளியே வந்தபோது பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. களிமண் குட்டைகளில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. சூளையில் அன்று நெருப்பில்லை. அந்த அமைதியில் குரல் ஒரு பெயரைச் சொல்லும். கொஞ்ச நேரம் ஒன்றுமிருக்காது. அடுத்த பெயரைச் சொல்லும்.

"மாரிஸ்."

துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

நாகையா வாத்தியார் தகரக் கூரைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, மடியில் வருகைப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். தண்ணீரில் ஊறிக் காய்ந்து, பக்கங்கள் அப்பளம்போல நெளிந்திருந்தன. எதிரே ஒருவரும் இல்லை. அவர் பார்வை கறை படிந்த சுவரில் இருந்தது.

"என்னா வாத்தியாரே இது?"

அவர் திடுக்கிடவில்லை. "பேரு கூப்பிடணும்மா. கூப்பிடலேன்னா இஸ்கூல் நடக்கலேன்னு ஆயிரும்."

வெள்ளத்தன்று இருபத்து மூன்று பிள்ளைகளில் பத்தொன்பது பேரை ஒவ்வொருவராகத் தூக்கித் தகரத்தில் ஏற்றியவர் அவர். அதை யாரும் பேசவில்லை. மழைச் சாரலுக்குக் கதவைச் சாத்தி, பிள்ளைகளைப் பெஞ்சியில் ஏறி நிற்கச் சொன்னவர் அவர் என்பதைத்தான் பேசினார்கள். ஆறு மாதமாக ஊரில் யாரும் அவருக்குக் கோப்பி கொடுப்பதில்லை. பிலோமினாவும் கொடுத்ததில்லை.

"செத்த புள்ளைங்க பேரை எதுக்குக் கூப்பிடுறீங்க?"

"உசுரோட இருக்கிற புள்ளைங்களும் வரலியேம்மா. நான் எப்படிப் பிரிச்சுப் பார்த்துக் கூப்பிடுறது?" புத்தகத்தை மூடினார். "சூளை மொதலாளி தவுக்கே நேத்து ஆள் அனுப்பியிருந்தாரு. இந்த மாசக் கடைசிக்குள்ள இருபது புள்ளைங்க இங்க உட்காரலேன்னா சுவத்தை இடிச்சுக் கல்லைச் சூளைக்கே எடுத்துக்கிறாராம். இடம் அவரு இடம். அவரு சொல்றதுலயும் தப்பில்ல."

"இந்தச் சுவத்துக்கு முன்னால எந்தத் தாயி புள்ளையைக் கொண்டாந்து உட்கார வைப்பா?"

"ஆமாம்மா," என்றார் அவர். "நீங்களே சொல்லுங்க."

*

சாயங்காலம் அவள் புருஷன் மரியநாயகம் செந்தூல் ரயில்வே பட்டறையிலிருந்து வந்தான். ரயில் பெட்டிகளுக்கு எழுத்தும் நம்பரும் எழுதுகிற பெயிண்டர். அவன் கைபோல நேராகக் கோடு இழுக்கிற கை அங்கே இல்லை என்பார்கள். வெள்ளத்துக்குப் பிறகு அவன் தூரிகையைத் தொடவில்லை. பெட்டிகளுக்குப் பழைய சாயம் சுரண்டுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். நகக்கண்ணில் எப்போதும் துருப்பொடி.

பிலோமினா கஞ்சியும் நெத்திலிச் சம்பலும் வைத்தாள். ஆறு வயசுக் கெர்ட்ரூட் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து மீன் தலைகளைத் தனியே பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கிள்ளானுக்கு மாத்தல் கிடைச்சிருச்சு," என்றான் அவன். "அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி. அங்க ஒரு வீடு இருக்கு. கித்தாத் தோட்டத்து ஓரம். நல்ல மேடு."

"பள்ளிக்கூடம்?"

"பொட்டப்புள்ளைக்கு என்னா அவசரம். பாத்துக்கலாம்."

"மாரிஸ் இங்க இருக்கான்."

"அவன் செராஸ் கல்லறையில இருக்கான் பிலோமி. நான்தான் மண்ணு போட்டேன். சுவத்துல இருக்கிறது சேறு."

கெர்ட்ரூட் நிமிர்ந்தாள். "அண்ணன் இன்னும் தண்ணிக்குள்ள நிக்கிறான்பா."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"தலை மட்டுந்தானே தெரியுது. காலு இல்லைல்ல? தண்ணி போயிருச்சு, அவங்களுக்குத் தெரியலை. நின்னுக்கிட்டே இருக்காங்க. அதான் எங்களுக்குப் பயமா இருக்கு. காலு இருந்தா வெளிய வந்துருவாங்கல்ல."

சொல்லிவிட்டுக் குழந்தை மறுபடி மீன் தலைகளை எண்ணத் தொடங்கிவிட்டது. மரியநாயகம் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். பிலோமினா தட்டை எடுத்துக் கழுவ உட்கார்ந்தாள். அவள் பிள்ளை பெற்றவள். கறையில் தலையைத்தான் அவள் பார்த்திருந்தாள். கால் இல்லை என்பது இந்த ஆறு மாதத்தில் ஒரு நாளும் அவளுக்குத் தோன்றவில்லை.

*

புதன்கிழமை காலை அவள் சூளைக்குப் போய் உடைந்த செங்கல் கேட்டாள். உரலில் இடித்து, முந்தானையில் சலித்து, மரவள்ளி மாவுக் கஞ்சியில் குழைத்தாள். விளக்குக் கரியை எண்ணெயில் மசித்தாள். துணிக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பில் கரைத்தாள். தூரிகை கேட்டு மரியநாயகத்திடம் போகவில்லை. தென்னை ஈர்க்கின் நுனியைக் கடித்து நாராக்கிக்கொண்டாள்.

முதல் கோடு கோணலாக விழுந்தது. உயரமான தலைக்குக் கீழே கறையைத் தாண்டித் தோள், தோளிலிருந்து கை, முட்டி, பாதம். படம் வரைந்து பழக்கமில்லாதவள். ஆனால் மாரிஸின் முழங்கால் எந்தப் பக்கம் லேசாக வளைந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வளைவு அப்படியே வந்தது. வந்ததும் அவள் பின்னால் நகர்ந்தாள். சுவருக்குப் பக்கத்தில் யாரோ மூச்சுவிடுவதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தால் காமாட்சி.

"என்னாடி செய்யிறே?"

"வெளிய கூட்டிட்டு வரேன் அக்கா."

காமாட்சி சுவருக்கு அருகே வந்தாள். பிறகு பால் செம்பை இறக்கி வைத்துவிட்டு, கடைசியில் இருந்த சின்னத் தலைக்குக் கீழே குந்தினாள். விரலைச் செங்கல் குழம்பில் தோய்த்து, பாவாடை ஒன்றை வரைந்தாள். அதற்குக் கீழே இரண்டு கால். கால்கள் தரையைத் தொடவில்லை. பிள்ளை அவ்வளவு குள்ளம். அந்தரத்தில் தொங்கியது.

"நிக்க எடமில்லையே இவளுக்கு," என்றவள், பாதத்துக்குக் கீழே ஒரு படி வரைந்தாள். வரைந்துகொண்டே, சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "அன்னைக்கு நான் இந்தப் பக்கமாத்தான் போனேன் பிலோமி. தண்ணி கணுக்கால் அளவுதான் இருந்துச்சு. கையில ஆட்டுக்கயிறு. ஆட்டை மேட்டுல ஏத்திட்டு வந்து புள்ளையைக் கூட்டிக்கலாம்னு போனேன். ஆடு அஞ்சும் பொழைச்சிருச்சு."

பிலோமினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவனுக்கு அன்னைக்கு வவுத்து வலி அக்கா. போவ மாட்டேன்னு அழுதான். நான்தான் ரெண்டு வச்சு அனுப்பினேன்."

சேதி லயத்திலும் சூளையிலும் பரவியது. பேய்க்கு உடம்பு செய்கிறார்கள் என்று சிலர் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்தார்கள். மறுநாள் நான்கு பெண்கள் வந்தார்கள். அதற்கு மறுநாள் ஒன்பது பேர். வந்தவர்கள் ஆளுக்கொரு கிண்ணத்தில் எதையாவது கொண்டுவந்தார்கள்: மஞ்சள் களிமண், எஞ்சின் புகைக்கரி, கோழி முட்டை வெள்ளை. இரட்டைப் பிள்ளைகளுக்குத்தான் ஆள் இல்லை. இராமலிங்கமும் பெண்டாட்டியும் மாசி மாதமே ஊருக்குக் கப்பலேறிவிட்டார்கள்.

அவர்களுக்குக் கால் வரைய வந்தவர் பக்கிரிசாமி. சூளையில் மண்வெட்டும் ஆட்களுக்குக் கங்காணி. அவர் வீட்டில் யாரும் சாகவில்லை. ஐம்பது வயசு மனுஷன், மண்டியிட்டு, மண்வெட்டி பிடிக்கிற கையால் ஈர்க்கைப் பிடித்துக்கொண்டு நாலு கால்களை வரைய ஒரு பகல் முழுவதும் எடுத்துக்கொண்டார். முடித்ததும் எழுந்திருக்காமல் உட்கார்ந்தபடியே சொன்னார்:

"ஆத்தோரம் வெட்டாதேன்னு தவுக்கேகூடச் சொன்னாரு. அங்கதான் மண்ணு நல்ல பசை. கரைக்கு நாலடி விட்டு வெட்டுன்னு ஆளுங்ககிட்டச் சொன்னது நான்தான். தண்ணி அந்த எடத்துலதான் உடைச்சுக்கிட்டு வந்துச்சு. எல்லாரும் வாத்தியாரைப் பேசினீங்க. நானும்தான் கூடச் சேர்ந்து பேசினேன்."

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். காமாட்சி தலையை மட்டும் திருப்பிக்கொண்டாள். அன்று மத்தியானம் பிலோமினா கோப்பி கலக்கி, முதல் கோப்பையைத் தூண் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நாகையாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பக்கிரிசாமி காமாட்சி வரைந்த படியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேட்டுக்கு நிஜமாவே படி வெட்டணும்லா," என்றார். "மழையில அந்தச் சரிவுல பெரியாளே ஏற முடியாது. நான் வெட்டுறேன்."

*

நான்கு பிள்ளைகளும் முழுசாக நின்றார்கள். ஆனால் நின்றார்கள், அவ்வளவுதான். போவதற்கு வழி இல்லை. சுவரின் வலது பாதி வெறும் வெள்ளையாக இருந்தது. அங்கே சூளையும் தண்டவாளமும் அதற்கப்பால் ரப்பர்ப் பால் வடிக்கும் கித்தா மரங்கள் நிற்கும் மேடும் வரவேண்டும். தூரத்தில் இருப்பதைச் சின்னதாக, பக்கத்தில் இருப்பதைப் பெரிதாகப் போடுகிற கணக்கு அங்கே யாருக்கும் தெரியாது. பிலோமினா இரண்டு தடவை போட்டு இரண்டு தடவையும் வெள்ளையடித்து அழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெயில் ஏறுகிற நேரம். அவள் தனியாக இருந்தாள். மரியநாயகம் கோயில் சட்டையோடு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதன்முறையாகச் சுவரைப் பார்த்தான். மாரிஸின் வளைந்த முழங்காலில் அவன் கண் நின்றது.

"பிலோமி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னைக்குப் பதினொரு மணிக்கே எனக்குத் தெரியும். வடக்கேயிருந்து வந்த வண்டியில ஒரு ஃபயர்மேன் சொன்னான். மேல ஆறு உடைச்சிருச்சு, வூட்டுப் பக்கம் போய்ப் பாருங்கன்னு. நான் ஒரு பெட்டிக்கு எழுத்துப் போட்டுக்கிட்டிருந்தேன். மூணு எழுத்து பாக்கி. பாதியில விட்டா சாயம் காஞ்சு ஒட்டு தெரியும். முடிச்சுட்டுக் கிளம்பினேன்."

"மூணு எழுத்துக்கு எவ்வளவு நேரமாவும்?"

"அரை மணி."

குட்டையில் ஒரு மீன் துள்ளி விழுந்த சத்தம் கேட்டது. பிலோமினா அவனை அடிக்கவில்லை, அழவும் இல்லை. அந்த அரை மணி நேரத்துக்குள் எத்தனை தடவை மாரிஸ் அம்மா என்று கூப்பிட்டிருப்பான் என்று மட்டும் யோசித்தாள். கடைசியில் ஈர்க்குத் தூரிகையை அவன் பக்கம் நீட்டினாள்.

"அதை முடிச்சீங்கல்ல. இதையும் முடிங்க."

"என் கையில வராது."

"வரலேன்னா உட்காருங்க. வர்ற வரைக்கும் உட்காருங்க. கிள்ளானுக்குப் போறதுன்னா முடிச்சுட்டுப் போங்க. நானும் கெர்ட்ரூடும் வரலை."

அவன் உட்கார்ந்தான். மத்தியான மழை வந்து தகரத்தில் கொட்டியது. ஈரம் ஏறஏறச் சுவரிலிருந்த நாலு தலைகளும் கறுத்துக்கொண்டே வந்தன. மழை விடுகிற நேரத்தில் அவன் எழுந்து வீட்டுக்குப் போய், ஆறு மாதமாகத் திறக்காத பெட்டியிலிருந்து தன் தூரிகைகளையும் ஆளி விதை எண்ணெயையும் எடுத்து வந்தான். "எண்ணெய் இல்லாம இந்தச் சாயம் நிக்காது," என்று பொதுவாகச் சொன்னான்.

எட்டு நாள், பட்டறையிலிருந்து வந்ததும் இருட்டும்வரை வரைந்தான். பள்ளிக்கூட வாசலில் தொடங்கி, சூளையைச் சுற்றி, தண்டவாளத்தைத் தாண்டி, பக்கிரிசாமி வெட்டி முடித்த நாற்பத்திரண்டு படிகளில் ஏறி, கித்தா மரங்களுக்குள் போய் முடிகிற வழி. உள்ள வழி எப்படியோ அப்படியே. கறைக் கோடு சுவரின் பாதி உயரத்தோடு நின்றது. வழி அதைக் கடந்து மேலே போனது. அந்த எட்டு நாளும் பிலோமினா அவனோடு பேசவில்லை. சோறு மட்டும் வைத்தாள். ஒன்பதாம் நாள், "படியில ஒண்ணு குறையுது, நாப்பத்தொண்ணுதான் இருக்கு," என்றாள். அவன் எண்ணிப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் போட்டான்.

மாதக் கடைசியில் தவுக்கேயின் ஆள் வந்தபோது இருபத்தாறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரைப் பார்த்து அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். தலையை எண்ணிக்கொண்டு, செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனான். வாரத்துக்கு ஒரு நாள் நாகையா பிள்ளைகளை வரிசையாக அந்த வழியில் மேட்டுக்குக் கூட்டிப் போய் இறக்கினார். மரியநாயகம் கிள்ளான் மாத்தலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, எஞ்சின் ஓட்டுகிற ஆட்களிடம் ஒவ்வொருவராகப் போய்ப் பேசினான். மேலே ஆறு ஏறியிருந்தால் பிரிக்ஃபீல்ட்ஸைத் தாண்டும்போது மூன்று நீள ஊதல். அது மேலதிகாரிகளுக்குத் தெரியாத ஏற்பாடு.

*

மூன்று வருஷம் கழித்து ஒரு நவம்பரில் ஊதல் கேட்டது.

பிலோமினா பாசாரில் கருவாட்டுக் கடையில் நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. பையைப் போட்டுவிட்டு ஓடினாள். வழி நெடுக மழை. அன்று நாகையா காய்ச்சலில் படுத்திருந்தார். பிள்ளைகள் தாங்களே எழுத்து எழுதிக்கொண்டிருக்க, பெரியவர்கள் யாரும் இல்லாமல்தான் பள்ளிக்கூடம் இருந்தது. அது அவளுக்குத் தெரியும். காலையில் அவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்ததே அவள்தான்.

பள்ளிக்கூடத்தில் சிலேட்டுகள் மிதந்தன. ஒரு பிள்ளையும் இல்லை. பழுப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே வந்து, சுவரில் வரைந்த பாதங்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் கூப்பிட்டாள். பதில் இல்லை. முழங்கால் தண்ணீரில் சூளையைச் சுற்றி, தண்டவாளத்தைத் தாண்டி, படிகளைக் கையால் பற்றி ஏறினாள்.

மேலே கித்தா மரங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். நனைந்த கோழிகள்போல ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு. எண்ணினாள். முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினாள். முப்பத்தெட்டு. புத்தகத்தில் இருக்கிற அத்தனை பேரும். ஒரு வேரின்மேல் உட்கார்ந்தாள். கீழே இன்னும் ஆட்கள் ஓடிவருகிற சத்தம். காமாட்சி ஆடு இல்லாமல் வெறுங்கையோடு ஏறி வந்தாள்.

"நீதான் கூட்டிட்டு வந்தியா?" என்று கெர்ட்ரூடைக் கேட்டாள் பிலோமினா.

"இல்லம்மா. நான் கடைசி. யாரும் உள்ள விட்டுப் போயிரலையான்னு பாத்துட்டு வந்தேன். முன்னால போனாங்க, நாங்க பின்னால போனோம்."

"யாரு முன்னால?"

கெர்ட்ரூட் ஒரு பெண்ணைக் காட்டினாள். அந்தப் பெண் தனக்கு முன்னால் வந்தவனைக் காட்டினாள். அவன் இன்னொருவனை. பிலோமினா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வரிசையின் நுனிக்கு வந்தாள். அங்கே விஜயன் இருந்தான். ஐந்து வயது. கிள்ளானிலிருந்து அப்பன் மாத்தலாகி வந்து நான்கு நாள்தான் ஆகிறது. பள்ளிக்கூடத்துக்கு வந்தது முந்தாநாள். படி ஏறும் பழக்கத்துக்கு இன்னும் ஒரு தடவைகூட வந்ததில்லை.

"நீதான் முதல்ல ஏறினியாய்யா?"

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். குளிரில் பல் அடித்துக்கொண்டது. "நான் பின்னாலதான் போனேன்," என்றான்.

பிலோமினா யார் பின்னால் என்று கேட்கவில்லை. அவன் சட்டையைக் கழற்றிப் பிழிந்து, உதறி, மறுபடி போட்டுவிட்டாள்.